பம்பிங் கம்மியாக உள்ளவர்களுக்குக் கால் வீக்கம்: மாத்திரையோடு சேர்த்து வீட்டில் செய்ய வேண்டியவை

எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு "ஹார்ட் பம்பிங் கம்மியா இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாலும் சாயங்காலம் ஆனால் பாதம் உப்பி, செருப்பு வார் பதிந்த இடம் அப்படியே பள்ளமாக நிற்கும். உடனே வீட்டில் ஒருவர் தைலம் எடுத்து வருவார், ஒருவர் வெந்நீர் வைப்பார், பக்கத்து வீட்டு அக்கா நீர்முள்ளிக் கஷாயம் சொல்வார். எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வீக்கம் கிளம்புகிற இடம் வேறு.

இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ளாதபோது, உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தப்புக் கணக்குப் போட்டு, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தேங்கி, சிரைகளில் அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து சதைக்குள் இறங்குகிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் அது போய்ச் சேருகிற இடம்தான் கணுக்காலும் பாதமும். ஆகவே வேலையை அடுக்களையிலும் எடை மெஷினிலும் தொடங்கி, அப்புறம் காலுக்கு வருவோம். இவை எதுவுமே மாத்திரைக்குப் பதில் இல்லை, மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

முதலில், இது இதயத்தால் வந்த வீக்கம்தானா?

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்தாறு நொடி அழுத்திவிட்டு எடுங்கள். சப்பாத்தி மாவில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றால் நீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். குழி எதுவரை விழுகிறது என்பதையும் பாருங்கள்: பாதத்தில் மட்டுமா, கணுக்காலுக்கு மேலா, முழங்கால் வரையிலா. போன வாரம் கணுக்காலோடு நின்றது இந்த வாரம் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தால், பார்வைக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கால் வற்றித் தெரிந்தாலும், நீர் இடுப்புக்குப் பின்னால் இறங்கியிருக்கலாம். அவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

இதயத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் அது ரத்தக் கட்டாகவோ தோலுக்கடியில் கிருமித் தொற்றாகவோ இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அந்தக் காலைத் தேய்த்துவிடவே கூடாது.

வேறு மாத்திரைகளாலும் கால் வீங்கும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிடசோன், நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் எல்லாம் இந்த வகை. நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு இதய டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் சர்க்கரைக்கு ஒருவர், முட்டிவலிக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று பார்க்கும்போது யார் என்ன எழுதினார் என்பது அவர்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது. முக்கியமாக, முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைப்பவை. தண்ணி மாத்திரையின் வேலையையும் கெடுப்பவை. பம்பிங் கம்மியானவர்கள் வீட்டில் அந்த அட்டையே இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

எடை மெஷின்

கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே எடை ஏறிவிடும். 1 லிட்டர் நீர் என்றால் 1 கிலோ, கணக்கு அவ்வளவுதான். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிக்கும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்போடு மெஷினில் ஏறி நிற்க வேண்டும். மெஷின் சமமான தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும், இன்றைக்கு ஹாலில் நாளைக்கு மெத்தென்ற மிதியடி மேல் என்று மாற்றினால் எண் குதிக்கும். அந்த எண்ணை எழுதத் தனி நோட்டு போட்டால் அது நாலாம் நாள் காணாமல் போகும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதுங்கள், போகிற வருகிற எல்லார் கண்ணிலும் படும்.

3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரே இரவில் 1 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தாலும் சும்மா இருக்காதீர்கள். தினமும் ஓட்ஸ், அரை இட்லி என்று சாப்பாடே இறங்காமல் இருக்கிற மனிதருக்கு எடை ஏறுகிறது என்றால், அது சதை இல்லை, நீர். இன்னொரு சிக்கல், நாள்பட்ட நோயில் தசை கரைந்துகொண்டே போகும், அந்த இடத்தை நீர் நிரப்பும், மெஷினோ அதே எண்ணைக் காட்டும். அதனால் வாரம் ஒருமுறை டெய்லர் டேப்பால் கெண்டைக்காலையும் கணுக்காலையும் அளந்து அதே காலண்டரில் எழுதிவிடுங்கள். அளக்கிற இடத்தில் பேனாவால் சிறு கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளக்கலாம்.

உப்பு

இங்கேதான் நம் வீடுகள் தோற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். இதய நோயாளிகளுக்கும் 5 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. "நாங்க உப்பு கம்மியாத்தான் போடுறோம்" என்று சொல்லாத வீடே கிடையாது. அதைச் சோதிக்க ஒரு வழி: உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். 4 பேர் உள்ள வீட்டில் 1 கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. 5 கிராம் என்றால் அதே வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்கில் ஊறுகாயும் கடை மிக்சரும் இன்னும் சேரவே இல்லை.

ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு. இந்த ஐந்தையும் குறைக்கச் சொல்ல மாட்டேன், நிறுத்தச் சொல்வேன். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்று கேட்பார்கள். வெள்ளரித் துண்டு, மாதுளை, உப்பில்லாமல் வதக்கிய கொத்தவரங்காய் என்று எதையாவது வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். பொட்டியில் வரும் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, உடனடி நூடுல்ஸ், சூப் பாக்கெட், பன், பிஸ்கட், சாஸ் எல்லாவற்றிலும் சோடியம், அதாவது உப்பில் நீரைப் பிடித்து வைக்கும் அந்தப் பொருள், இருக்கிறது. நாக்குக்கு உப்பாகத் தெரியாத ஆப்ப சோடாவிலும், அஜினோமோட்டோவிலும், வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் கலந்து நுரைக்கக் குடிக்கும் பவுடரிலும்கூட இருக்கிறது.

சமைக்கும்போது ஒரு தந்திரம் உண்டு. சோறு வடிக்கும்போது உப்புப் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், இட்லி மாவில் பாதியாக்குங்கள். நோயாளிக்கு அன்றைய உப்பைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்து வைத்துவிட்டு, அவர் பங்குக் குழம்பையும் பொரியலையும் உப்பில்லாமல் தனியே எடுத்து, பரிமாறும்போது அந்தக் கிண்ணத்திலிருந்து மேலே தூவுங்கள். கொதிக்கும்போது கரைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்கில் உடனே தெரியும், குறைவாகப் போட்டாலும் ருசி கிடைக்கும். எலுமிச்சை, புளிப்பு மாங்காய், மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, பெருங்காயத் தாளிப்பு இவையெல்லாம் உப்பு குறைந்ததை ஓரளவு மறைக்கும். சில வாரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டால் நாக்கு பழகிவிடும், அப்புறம் கடைச் சாப்பாடுதான் கரிக்கும்.

ஆனால் அளவுக்கு மீறியும் போக வேண்டாம். 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 6 நாடுகளைச் சேர்ந்த 806 நோயாளிகளைப் பார்த்தார்கள். சோடியத்தை இன்னும் கடுமையாக, ஒரு நாளைக்கு ஒன்றரை கிராமுக்குக் கீழே (உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 4 கிராமுக்குக் கீழே) கொண்டுவர முயன்றவர்களுக்கு இறப்போ ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ குறிப்பிடும்படி குறையவில்லை, அன்றாட வாழ்க்கைத் தரம் மட்டும் கொஞ்சம் மேம்பட்டது. உப்பே இல்லாமல் சமைத்து, பிடிக்காமல் அவர் சாப்பாட்டையே ஒதுக்கினால் புரதம் குறையும். ரத்தத்தில் புரதம் குறைந்தால் அதுவே வீக்கத்தைக் கூட்டும்.

அப்புறம், இரண்டு பொறிகள். இந்துப்பு நல்லது என்று வாங்காதீர்கள், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பு அதைவிட ஆபத்து, ஏனென்றால் அதில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களும் இதே காரணத்துக்காக டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடர வேண்டும்.

தண்ணீர்

எல்லாருக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று ஒரு விதி கிடையாது. நெதர்லாந்தில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், நிலையாக இருக்கும் வெளிநோயாளிகளில் ஒரு பாதியை ஒன்றரை லிட்டரோடு நிறுத்தினார்கள், மறுபாதியை இஷ்டத்துக்குக் குடிக்க விட்டார்கள். கட்டுப்படுத்தியவர்களுக்குப் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை, தாகம்தான் வாட்டியது. ஆனால் வீக்கம் அதிகமாக இருப்பவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் டாக்டர் ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று அளவு சொல்வார். சொன்னால் அது கட்டளை. சொல்லாவிட்டால் நீங்களாக வாயைக் கட்டாதீர்கள். குறிப்பாகச் சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும்போதும், பேதி, வாந்தி வரும்போதும் அளவு மாற வேண்டியிருக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றினால் போன் செய்து கேளுங்கள்.

அளவு சொல்லியிருந்தால், அன்றைய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பி வைத்துவிடுவது நல்லது. காபி, மோர், ரசம், கஞ்சி, பாயசம் எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிட வேண்டும். தர்பூசணியும் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதையும் கணக்கில் சேருங்கள். பெரிய சொம்பை எடுத்துவிட்டுச் சின்ன டம்ளர் கொடுங்கள். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு, எலுமிச்சைத் துண்டு, அல்லது வாய் கொப்பளித்துத் துப்புவது உதவும். உப்பைக் குறைத்தாலே தாகமும் ஓரளவு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

காலைத் தூக்கி வைப்பது

எல்லாரும் சொல்வது இதுதான், ஆனால் எப்படி என்று யாரும் சொல்வதில்லை. மூச்சுத் திணறல் இல்லாதவர் என்றால், சாய்ந்து படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, பாதம் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி 20, 30 நிமிடம், பகலில் இரண்டு மூன்று முறை வைக்கலாம். தலையணையை முட்டிக்கு அடியில் மட்டும் கொடுத்தால் கால் அங்கே மடங்கி ரத்தம் திரும்புவதைத் தடுக்கும், எனவே கெண்டைக்கால் முழுதும் தாங்கட்டும். குதிகால் மட்டும் எதிலும் படாமல் காற்றில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அங்கே புண் வரும்.

மூச்சு வாங்குபவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. காலைத் தூக்கினால் அங்கே தேங்கிய நீர் மறுபடி ரத்தத்துக்குள் வந்து, ஏற்கெனவே திணறும் இதயத்தின் மேல் பாரமாக இறங்கும். சமமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று தலையணை இல்லாமல் தூங்க முடியவில்லை என்று சொல்பவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்தாதீர்கள். நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்கார வைத்து, எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் காலை நீட்டி வைத்தால் போதும். அதிலும் இருமலோ திணறலோ வந்தால் உடனே காலைக் கீழே இறக்கிவிட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். பகல் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு சீரியல் பார்த்துவிட்டு ராத்திரி படுத்தால், சேர்ந்த நீரெல்லாம் அப்போதுதான் ரத்தத்துக்குத் திரும்பும், விடிய விடிய பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டும், இருட்டில் வழுக்கி விழுவதும் அப்போதுதான் நடக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் சாயங்காலமும் காலை உயர்த்தி வைத்தால், அந்தச் சிறுநீரில் ஒரு பகுதி படுக்கும் முன்பே போய்விடும்.

காலை அசைப்பது

கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள், அப்புறம் விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். மணிக்கு ஒருமுறை 15, 20 தடவை, டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நிலையாக இருப்பவர்கள் நடக்கவும் வேண்டும். 2009இல் வெளியான ஆய்வில் 2331 பேரைப் பார்த்து, பம்பிங் கம்மியாக உள்ளவர்களுக்கும் முறையான உடற்பயிற்சி பாதுகாப்பானதுதான் என்று கண்டார்கள். டாக்டர் அனுமதித்தபின் வீட்டு வராந்தாவிலேயே 5 நிமிடத்தில் தொடங்கலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்த வேண்டும். எடை திடீரென்று ஏறிய நாட்களில் நடை வேண்டாம்.

வெளியூருக்குப் பஸ்ஸில் போகிறோம், வழியில் பாத்ரூம் இருக்காது என்று அன்றைக்குத் தண்ணி மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். காலைத் தொங்கப் போட்ட பிரயாணம், மாத்திரையும் இல்லை, கல்யாணச் சாப்பாட்டு உப்பு வேறு. மறுநாள் கால் எப்படி இருக்கும்? விடுவதற்குப் பதில், அன்று எத்தனை மணிக்குப் போடலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் நேரத்தை மாற்றித் தருவார்.

அழுத்தக் காலுறை, கட்டு, தைலம்

கடையில் அழுத்தக் காலுறை கிடைக்கிறது என்று நேராக வாங்கிவிடக் கூடாது. நிலைமை மோசமாக இருக்கும்போது காலை இறுக்கினால், மூச்சு வாங்குபவருக்குக் காலைத் தூக்கி வைத்தால் நடக்கிற அதே தொல்லைதான் நடக்கும். சர்க்கரைக்காரர்களுக்கும் புகைபிடித்தவர்களுக்கும் காலுக்கு ரத்தம் இறங்கும் தமனியே அடைத்திருக்கலாம், அந்தக் காலை இறுக்கினால் தோல் அழுகும் அளவுக்குப் போகும். டாக்டர் பாத நாடியைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்த ஓட்டச் சோதனையும் செய்துவிட்டு "போடலாம்" என்று சொன்னால் மட்டும், வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் அளவெடுத்து வாங்கி, படுக்கையை விட்டு இறங்கும் முன் மாட்டி, ராத்திரி கழற்றிவிட வேண்டும். வீட்டில் இருக்கும் கிரேப் பேண்டேஜை நாமே சுற்றுவதும் வேண்டாம். ஓர் இடத்தில் இறுகி ஓர் இடத்தில் தளர்ந்து, இறுகிய இடத்துக்குக் கீழே இன்னும் வீங்கும்.

தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், வெந்நீர் ஒத்தடமும் இந்த வீக்கத்துக்கு உதவாது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த காலில் சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும்.

தோல்

வீங்கிய தோல் மெலிந்து, பளபளத்து, வறண்டு வெடிக்கும். ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போய்க் கால் சிவந்து காய்ச்சல் வந்துவிடும். தினமும் கழுவி, விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, பாதத்துக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத கிரீமோ தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். வீட்டுக்குள்ளும் மிருதுவான செருப்பு வேண்டும், சாயங்காலம் வாங்கினால்தான் வீங்கிய காலுக்குச் சரியான அளவு தெரியும்.

பெண்களுக்கு மெட்டியும் கொலுசும். வீக்கம் மெதுவாக ஏறுவதால் மெட்டி சதைக்குள் புதைவது தெரியாது, ஒருநாள் விரல் கறுத்த பிறகுதான் பார்ப்பார்கள். வீக்கம் தொடங்கும்போதே கழற்றிவிட வேண்டும். "மெட்டியைக் கழற்றலாமா, சாஸ்திரம் என்ன ஆகிறது" என்று பாட்டி தயங்கினால் வாதாடாதீர்கள், டாக்டர் சொன்னார் என்று சொல்லி, அவர் கையாலேயே சாமி படத்துக்கு முன் வைக்கச் சொல்லுங்கள். இறுகிவிட்டால் காலை உயர்த்தி வைத்து, சோப்பு நீர் தடவிச் சுழற்றிப் பாருங்கள், வராவிட்டால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

கஷாயம்

நீர்முள்ளி, மூக்கிரட்டை, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் நீர் பிரிக்கும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வதுதான், பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏற்கெனவே தண்ணி மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால், பிரஷர் இறங்குவதும் பொட்டாசியம் தடுமாறுவதும் யார் கணக்கிலும் வராமல் நடக்கும். குடிக்க வேண்டும் என்றிருந்தால் இதய டாக்டருக்குத் தெரிந்து குடியுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் எந்தப் பொடியும் வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

படுத்தால் மூச்சு முட்டுகிறது, தூக்கத்திலிருந்து திணறி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருகிறார், இருமினால் இளஞ்சிவப்பு நுரை வருகிறது, நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாரிப்பது, பேச்சு குழறுவது: இவற்றில் எது வந்தாலும் 108தான், மூச்சுத் திணறுபவரைத் தலையை உயர்த்தி, காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தே கொண்டு போங்கள். வயிறு உப்பிச் சாப்பாடு இறங்காமல் போவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, காலிலிருந்து நீர் கசிவது, எடை மேலே சொன்ன அளவைத் தாண்டுவது இவற்றுக்கு அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

போனில் "கால் ரொம்ப வீங்கியிருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவரால் எதுவும் முடிவு செய்ய முடியாது. காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: இன்றைய எடை, மூன்று நாள் முந்தைய எடை, குழி எதுவரை விழுகிறது, ராத்திரி எத்தனை தலையணை, காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர், இன்று காலை பிரஷர் எவ்வளவு, தண்ணி மாத்திரை கடைசியாக எப்போது போட்டது. புதிதாக வேறு மாத்திரையோ கஷாயமோ தொடங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.